இசை அரங்கில் ஒலிவாங்கியின் இடம்

அரங்கின் பத்தாவது வரிசையில் அமர்ந்து சிதார்க் கச்சேரி ஒன்றைக் கேட்பவருக்கு ஒவ்வொரு மீட்டலும் தெளிவாகவே கேட்கிறது. அதே இருக்கையில் ஒரு பதிவுக்கருவியை வைத்து எடுத்த ஒலியை மறுநாள் கேட்டால், சிதார் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து ஒலிப்பது போலத் தோன்றுகிறது. தபலாவின் சொற்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. முதல் நாள் காதில் விழாத மின்விசிறியின் இரைச்சல் இப்போது முன்னே வந்து நிற்கிறது. கருவி மட்டமானது என்று பலரும் முடிவு கட்டுகின்றனர். பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

மனிதனுக்குக் காதுகள் இரண்டு. இரண்டிலும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் வலிமையிலும் உள்ள சிறு வேற்றுமைகளைக் கொண்டு மூளை ஒலி வரும் திசையை அறிகிறது. வேண்டிய திசையிலிருந்து வருவதை ஏற்று, மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒலிவாங்கிக்கு இந்த ஆற்றல் கிடையாது. தன்னை வந்தடையும் காற்றழுத்த மாறுபாடுகள் அனைத்தையும் அது வேறுபாடின்றி மின்னலைகளாக மாற்றிவிடுகிறது. ஆகவே கேட்பவரின் மூளை செய்யும் தேர்வை, ஒலிப்பதிவாளர் ஒலிவாங்கியை வைக்கும் இடத்தின் மூலம் முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

நேரொலியும் எதிர்முழக்கமும்

அரங்கில் ஓரிடத்தைச் சென்றடையும் ஒலி இருவகைப்படும். வாத்தியத்திலிருந்து நேராக வருவது நேரொலி. சுவர், கூரை, தரை ஆகியவற்றில் பலமுறை மோதித் திரும்பி வருவது எதிர்முழக்கம். வாத்தியத்திலிருந்து விலகும் தூரம் இரட்டிக்கும்போது நேரொலி 6 டெசிபெல் குறைகிறது. எதிர்முழக்கமோ அரங்கு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவி நிற்கும். எனவே வாத்தியத்திலிருந்து குறிப்பிட்ட ஒரு தூரத்தில் இரண்டும் சம அளவாகிவிடுகின்றன. அதற்கு அப்பால் எதிர்முழக்கமே மேலோங்கும்.

இத்தூரத்தைக் கணக்கிடுவது எளிது. அரங்கின் கொள்ளளவைக் கன மீட்டரில் கண்டு, அதை எதிர்முழக்க நேரத்தால் வகுத்து, ஈவின் வர்க்கமூலத்தை 0.057 ஆல் பெருக்கினால் தூரம் மீட்டரில் கிடைக்கும். எதிர்முழக்க நேரமாவது, ஒலி நின்றபின் அதன் அளவு 60 டெசிபெல் தணிவதற்கு ஆகும் காலம். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறை இதற்கு அடிப்படை. 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம் கொண்ட ஓர் அரங்கின் கொள்ளளவு 5,000 கன மீட்டர். எதிர்முழக்க நேரம் 1.5 வினாடியானால், நேரொலியும் எதிர்முழக்கமும் சமமாகும் தூரம் ஏறக்குறைய 3.3 மீட்டர் மட்டுமே. பத்தாவது வரிசை இதற்கு வெகு தொலைவில் இருக்கிறது.

கவ்வி மாட்டும் சிற்றொலிவாங்கியின் சிறப்பு இங்கேதான் விளங்கும். 8 மீட்டர் தொலைவில் இருந்த ஒலிவாங்கியை வாத்தியத்திலிருந்து 20 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால், தூரம் 40இல் ஒரு பங்காகிறது. நேரொலியின் ஆற்றல் 1,600 மடங்கு, அதாவது 32 டெசிபெல், உயர்கிறது. வாத்தியம் ஒரு புள்ளியன்று. ஆகையால் மிக அருகில் இக்கணக்கு துல்லியமாகப் பொருந்தாது. எனினும் ஆதாயம் எத்தகையது என்பதை இது காட்டப் போதும். எவ்வளவு விலையுயர்ந்த ஒலிவாங்கியும் தொலைவில் நின்றுகொண்டு இந்த ஆதாயத்தைத் தர இயலாது.

சிற்றொலிவாங்கியின் அமைப்பு

‘காலர் மைக்’ என்று வழக்கில் அழைக்கப்படும் இக்கருவியின் உள்ளே பெரும்பாலும் இருப்பது எலெக்ட்ரெட் வகை ஒலிவாங்கியாகும். மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் பின்னே ஓர் உலோகத் தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக அமைகின்றன. ஒலியலை சவ்வை அசைக்கும்போது இடைவெளி மாறி மின்னழுத்தம் மாறுகிறது. பழைய மின்தேக்கி ஒலிவாங்கிகளுக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் ஊட்டவேண்டியிருந்தது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும், மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் படலத்தைச் சவ்வாகப் பயன்படுத்தி இத்தேவையை நீக்கினர். உள்ளிருக்கும் சிறு பெருக்கிக்கு மட்டும் சில வோல்ட் மின்சாரம் போதுமாயிற்று. அதனாலேயே ஒலிவாங்கி சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக முடிந்தது.

இச்சிறுமையால் மற்றொரு பயனும் உண்டு. 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் சுமார் 3.5 செ.மீ. 5 மி.மீ. விட்டமுள்ள ஒலிவாங்கி அந்த அலைக்குத் தடையாக நிற்பதில்லை. எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் ஒலியை ஒன்றுபோலவே ஏற்கிறது. இத்தகைய அனைத்துத்திசை ஒலிவாங்கியை மிக அருகில் வைத்தாலும் மந்திர ஒலிகள் செயற்கையாகப் பெருகுவதில்லை. முன்புற ஒலியை மட்டும் சிறப்பாக ஏற்கும் ஒருதிசை வகையோ, அருகில் வைக்கும்போது மந்திர ஒலியை மிகைப்படுத்திக் காட்டும். ஆனால் பக்கத்து வாத்தியத்தின் ஒலியை ஒதுக்க வேண்டிய மேடையில் ஒருதிசை வகையே கைகொடுக்கிறது. எது நல்லது என்பதை மேடையின் அமைப்பே முடிவு செய்யும்.

அருகாமையின் எல்லை

அருகில் வைப்பது நன்று எனில், வாத்தியத்தின்மேலேயே ஒட்டிவிடலாகாதா என்ற வினா எழும். ஒரு வாத்தியத்தின் நாதம் அதன் ஏதேனும் ஓரிடத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று. வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு மேற்சுரங்களை வெளியிடுகின்றன. சற்றுத் தொலைவில் அவை ஒன்று கலந்த பின்னரே வாத்தியத்தின் முழு நாதம் உருவாகிறது. இதற்குத் தபலாவைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

சாதாரணத் தோற்கருவியின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. ஆதலின் அதில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. தபலாவிலும் மிருதங்கத்திலும் தோலின்மேல் இடப்படும் கரிய கரணை இம்மேற்சுரங்களை ஒழுங்குபடுத்தி, இசைவான மடங்குகளாக்குகிறது. இதனைச் சர் சி. வி. ராமன் 1920இல் உடன்பணியாளர் ஒருவருடன் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். 1934இல் இந்திய அறிவியல் அகாதமியின் நடவடிக்கைக் குறிப்புகளில் விரிவாக ஆராய்ந்தார். தோல் அதிரும் வகைகள் சிலவற்றில் அதன் நடுப்பகுதி மேலும் கீழும் அசைகிறது. வேறு சிலவற்றில் ஒரு பாதி மேலெழும்போது மறு பாதி கீழிறங்குகிறது. அப்போது நடுப்புள்ளி அசைவதே இல்லை.

இதிலிருந்து ஒலிப்பதிவாளர் பெறும் பாடம் தெளிவானது. கரணையின் நடுவுக்கு நேர் மேலே ஒலிவாங்கியை வைத்தால், இரண்டாம் வகை அதிர்வுகளின் இரு பாதிகளும் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுருதிக்கு உயிரான மேற்சுரங்கள் பதிவில் மெலிந்து, தட்டல் மட்டும் எஞ்சும். விளிம்பை ஒட்டி வைத்தாலோ ‘நா’ என்ற சொல் கூர்மையாகி மற்றவை தேய்கின்றன. ஆகவே வாசிப்பவரின் கைக்கு எதிர்ப்புறத்தில், தோலின் விளிம்புக்கு வெளியே 15 முதல் 20 செ.மீ. தள்ளி, மேலிருந்து சாய்வாக நோக்கும்படி அமைப்பதே பொருத்தம். கவ்வியைத் தோல்வாரில் மாட்டி, வளையும் தண்டின் நுனியில் ஒலிவாங்கியை நிறுத்தலாம். இடக்கைப் பாயாவுக்கு அதன் மந்திர ஒலி கருதித் தனி ஒலிவாங்கி வைப்பது நலம்.

வாத்தியத்துக்கு ஏற்ற இடம்

சிதாரிலும் தம்பூராவிலும் தந்தி தொட்டு நிற்கும் குதிரையின் மேற்பரப்பு சற்றே வளைந்திருக்கிறது. தந்தி அவ்வளைவை மீண்டும் மீண்டும் தொட்டு விலகுவதால் உயர்ந்த மேற்சுரங்கள் செறிந்த ஒலி எழுகிறது. இந்திய நரம்புக் கருவிகளின் இவ்வியல்பையும் ராமன் 1921இல் ஆராய்ந்தார். குதிரைக்கு மிக அருகில் ஒலிவாங்கியை மாட்டினால், மிஸ்ராப் எனப்படும் கம்பி நகம் தந்தியைத் தாக்கும் கீச்சொலி முன்னே நிற்கும். நாதத்தின் உடல் பின்வாங்கும். மேற்பலகையின் முன்னே 15 முதல் 25 செ.மீ. தொலைவில், குதிரைக்கும் தண்டு தொடங்கும் இடத்துக்கும் நடுவே நோக்குமாறு வைப்பதே நன்று. வாசிப்பவரின் வலக்கை அசைவுக்கு அது இடையூறாகலாகாது. சரோதுக்கும் இவ்விதியே பொருந்தும். தம்பூராவின் ஒலி மெல்லியது. அதற்கு இன்னும் சற்று அருகே செல்லலாம்.

புல்லாங்குழலில் ஒலி ஊதுதுளையிலிருந்தும், திறந்திருக்கும் விரல்துளைகளிலிருந்தும் வெளிப்படுகிறது. ஊதுதுளைக்கு நேர் முன்னே ஒலிவாங்கியை வைத்தால் மூச்சுக்காற்று சவ்வில் மோதி இரையும். இரு துளைத் தொகுதிகளுக்கும் இடையில், மூச்சின் பாதைக்குச் சற்று மேலாக வைத்தால் இரண்டும் சமமாகப் பதிவாகும். சாரங்கியிலும் வயலினிலும் வில் உரசும் இடத்திலிருந்து விலகி, உடலின் மேற்பரப்பை நோக்கி வைத்தல் வேண்டும். வயலினைத் தரையில் அமர்ந்து, மார்புக்கும் காலுக்கும் இடையே தாங்கி வாசிக்கும் நம் நாட்டு வழக்கில், கவ்வியும் கம்பியும் இடக்கையின் கமகங்களுக்குத் தடையாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்மோனியத்தில் துருத்தியின் மூச்சும் கட்டைகளின் தட்டொலியும் பதிவில் புகாதபடி 25 அல்லது 30 செ.மீ. உயரம் விடலாம்.

வாய்ப்பாட்டுக்கு மார்பில் மாட்டும் முறை அவ்வளவு உகந்ததன்று. தாடையின் நிழலில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் குறைகின்றன. சொல்லின் தெளிவு பெரிதும் இவற்றையே சார்ந்தது. மார்புக்கூட்டின் அதிர்வால் 800 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகள் மிகுகின்றன. மேலும் கயால் பாடுபவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒலியின் அளவு மாறும். மடியில் உள்ள ஸ்வரமண்டலம் குரலைவிட உரக்கப் பதியவும் கூடும். எனவே தாங்கியில் நிற்கும் ஒலிவாங்கியை முதன்மையாகவும், மார்பில் மாட்டியதைத் துணையாகவும் கொள்வதே அறிவுடைமை. மாட்ட நேர்ந்தால், பட்டும் கஞ்சியிட்ட துணியும் உராயாத இடத்தில் மாட்டி, கம்பியைக் கவ்விக்குக் கீழே ஒரு சுற்று வளைத்துச் செருக வேண்டும். கம்பி இழுபடும் ஒலி ஒலிவாங்கியை எட்டாமல் அச்சுற்று தடுக்கும்.

இரண்டு பாதைகளின் பூசல்

ஒரே ஒலி இரு பாதைகளில் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தால், சில அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன, சில அழிகின்றன. மேடையின் பலகைத் தளத்தில் மோதி வரும் ஒலி, நேரொலியைவிட 34.5 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்வதாகக் கொள்வோமானால், ஒலி வினாடிக்கு 345 மீட்டர் செல்வதால் அது ஆயிரத்தில் ஒரு வினாடி பிந்துகிறது. அப்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என வரிசையாக அமைந்த அதிர்வெண்கள் நலிந்துபோகும். வாத்தியம் தகரக் குழாய்க்குள்ளிருந்து ஒலிப்பது போலத் தோன்றுவதன் காரணம் இதுவே. மேடையில் தடித்த ஜமக்காளம் விரித்தால் உயர் அதிர்வெண்களின் பிரதிபலிப்புக் குறையும். ஒலிவாங்கியை வாத்தியத்துக்கு நெருக்கினால், பிந்தி வரும் ஒலி ஒப்பளவில் வலுவிழக்கும்.

இரண்டு ஒலிவாங்கிகளின் ஒலியை ஒன்றாகக் கலக்கும்போதும் இப்பூசல் நேர்கிறது. இதைத் தவிர்க்க எளிய விதி ஒன்று உண்டு. ஓர் ஒலிவாங்கி தன் வாத்தியத்திலிருந்து 20 செ.மீ. தூரத்தில் இருந்தால், அடுத்த ஒலிவாங்கி அவ்வாத்தியத்திலிருந்து குறைந்தது அதன் மும்மடங்கான 60 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும். அப்போது அதில் புகும் அயல் ஒலி ஏறத்தாழ 9.5 டெசிபெல் குறைந்து, கலவையில் பெருங்கேடு செய்யாது. கலைஞர் கேட்பதற்காக மேடையில் வைக்கப்படும் ஒலிபெருக்கியும் கவனத்துக்குரியது. ஒருதிசை ஒலிவாங்கியின் முதுகுப்புறம் அதை நோக்கும்படி திருப்பினால், ஊளையிடும் தொல்லையும் மங்கலும் ஒருங்கே குறையும்.

அரங்கின் மூச்சு

கவ்வி ஒலிவாங்கிகள் மட்டும் தரும் பதிவு தெளிவாக இருக்கும். ஆனால் வறண்டு இருக்கும். சபையோரின் ‘வாஹ்வா’வும், சமத்தில் தாளம் வந்து விழும்போது எழும் பெருமூச்சும், அரங்கின் விரிவும் அதில் இரா. ஆதலின் மேடைக்கு முன்னே, மேற்கூறிய சமதூரத்தை ஒட்டியோ அதற்குச் சற்று உட்புறத்திலோ, இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே தாங்கியில் அமைக்க வேண்டும். அனைத்துத்திசை வகையாயின் 40 முதல் 50 செ.மீ. இடைவெளி போதும். ஒருதிசை வகைக்கு, பிரெஞ்சு வானொலியார் வகுத்த 17 செ.மீ. இடைவெளியும் 110 பாகைக் கோணமும் புகழ்பெற்றவை. அவ்விடைவெளி மனிதனின் இரு காதுகளுக்கிடையே உள்ள தூரத்தை ஒத்தது. இவ்விணை மேடையிலிருந்து 3.45 மீட்டர் தொலைவில் இருந்தால், அதில் ஒலி நூறில் ஒரு வினாடி பிந்தி வந்து சேரும். கலக்கும்போது கவ்வி ஒலிவாங்கிகளின் பதிவை அந்த அளவு பின்னுக்குத் தள்ளினால் இரண்டும் ஒன்றுபடும்.

திறந்தவெளிப் பந்தலில் நிலைமை வேறு. 1953இல் புனேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவைப் போன்று பெரும் பந்தலில் நடைபெறும் நிகழ்ச்சிகளில் எதிர்முழக்கம் மிகக் குறைவு. காற்றும் தெரு ஒலியும் மின்னாக்கியின் உறுமலுமே பகை. அங்கே பஞ்சுறை மாட்டிய கவ்வி ஒலிவாங்கிகளையே பெரிதும் நம்ப நேரிடும்.

முன்னேற்பாடுகள்

அரங்கு நிறைந்தபின் எதிர்முழக்க நேரம் குறைகிறது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதே காரணம். எனவே காலியான அரங்கில் செய்த சோதனையை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. கச்சேரியின் தொடக்கத்தில் ஆலாபனை மெல்லென நடக்கும். இறுதியில் ஜாலாவும் தபலாவும் பன்மடங்கு உரத்து எழும். ஆலாபனைக்கேற்பப் பதிவளவை உயர்த்தி வைத்தவரின் பதிவு ஜாலாவில் சிதைந்துவிடும். சிதைந்ததை எந்தக் கணிப்பொறியாலும் முழுமையாக மீட்க இயலாது. ஆகவே கலைஞரை மிக உரத்த பகுதியை வாசிக்கச் செய்து, அதன் உச்சம் கருவியின் எல்லைக்கு 10 முதல் 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைக்க வேண்டும். 24 பிட் எண்முறைப் பதிவில் இவ்வாறு அளவைத் தாழ்த்துவதால் நட்டம் ஏதும் இல்லை.

பேச்சுக்கென்றே செய்யப்பட்ட மலிவான காலர் மைக்குகள் தபலாவின் அருகில் தாமாகவே சிதையக்கூடும். பதிவளவைக் குறைத்தாலும் இச்சிதைவு நீங்காது. அவற்றைச் சற்று விலக்கி வைப்பதே மருந்து. மின்விளக்குகளின் கம்பியோடு ஒலிவாங்கிக் கம்பியைச் சேர்த்து இட்டால் 50 ஹெர்ட்ஸ் முனகல் புகும். குறுக்காகக் கடக்கச் செய்தால் அது குறையும். மேடைக்கு நேர் மேலே சுழலும் விசிறியை நிறுத்தவேண்டும். மழைக்காலத்தின் ஈரமும் வாசிப்பவரின் வியர்வையும் எலெக்ட்ரெட் சவ்வுக்குப் பகை; பயன்படுத்தாத காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தல் நலம். எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கலைஞரின் இசைவைப் பெறுதல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், தம் நிகழ்ச்சியின் பதிவின் மீது கலைஞருக்கு உரிமை அளித்துள்ளது.

மீண்டும் வாராத இசை

1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடியபோது இசைப்பதிவில் ஒலிவாங்கி பயன்பாட்டில் இல்லை. பெரிய கூம்புக்குழாய்க்குள் உரக்கப் பாடினார். குரலின் ஆற்றலே ஊசியை அசைத்து மெழுகில் கோடிட்டது. சில நிமிடங்களுக்குள் ராகத்தைச் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. 1925இல் மின்முறைப் பதிவு வந்தது. 1952இல் அகில இந்திய வானொலி தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதன் பின்னர் நாட்டின் பெருங்கலைஞர்கள் பலரின் நீண்ட வாசிப்புகள் பதிவாகி இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

மேனாட்டுச் செவ்விசையில் எழுதிவைத்த இசையை மீண்டும் வாசித்துவிடலாம். இந்திய ராக இசையோ பெரும்பகுதி மேடையிலேயே பிறக்கிறது. இன்று பாடிய ராகத்தின் விரிவு நாளை அதே கலைஞரிடம்கூட அதே வடிவில் எழாது. சிறு நகரங்களின் சபைகளிலும் ஆலய விழாக்களிலும் வாசிக்கும் எண்ணற்ற வித்வான்களின் கலை, உள்ளூர் ஆர்வலர் எடுக்கும் பதிவில் மட்டுமே நிலைக்கக்கூடும். அத்தகைய பதிவுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சில சிற்றொலிவாங்கிகளும், ஓர் அளவுகோலும், கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மேடைக்கு வந்து, காதணி ஒலிபெருக்கி மாட்டி, ஒலிவாங்கியை ஓர் அங்குலம் இப்பாலும் அப்பாலும் நகர்த்திக் கேட்டுப் பார்க்கும் பொறுமையும் போதும்.